மூத்த பெண்களை அதிகம் பாதிக்கும் மூட்டுத் தேய்மானம்: காரணங்கள் என்ன?

புதுடெல்லி: 'வயதானால் மூட்டு வலிக்கத்தான் செய்யும்' என்று கருதி, முழங்கால் வலியை ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்ளும் பெண்கள் பலர். மூட்டுத் தேய்மானத்துக்கு முதுமை முக்கியக் காரணம் என்றாலும், அது மட்டுமே காரணம் அல்ல.

உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, 2019-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 52.8 கோடி பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர். அவர்களில் ஏறத்தாழ 60 சதவீதத்தினர் பெண்கள். முழங்கால் மூட்டே அதிகம் பாதிக்கப்படுகிறது. இந்தியாவில் முழங்கால் மூட்டுத் தேய்மானம் குறித்து 2016-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பரிசோதிக்கப்பட்டவர்களில் 28.7 சதவீதம் பேருக்கு இப்பாதிப்பு காணப்பட்டது. பெண்களிடையே இது 31.6 சதவீதமாக இருந்தது.

மாதவிடாய் நிறுத்தம்

எலும்புகளின் முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு சிதைவதும், அதையொட்டிய எலும்பிலும் மூட்டுச் சவ்விலும் மாற்றங்கள் ஏற்படுவதுமே இந்நோய். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களிடையே இதன் பாதிப்பு வேகமாக உயர்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. எனினும், மூட்டுத் தேய்மானத்தைத் தடுப்பதற்கென ஹார்மோன் மாத்திரைகள் பரிந்துரைக்கப்படுவதில்லை.

உடல் எடை

தவிர்க்கக்கூடிய காரணிகளில் முதன்மையானது உடல் பருமன். கூடுதல் எடை முழங்கால் மீது சுமையை ஏற்றுவதுடன், உடல் கொழுப்பிலிருந்து சுரக்கும் அழற்சிப் பொருள்கள் மூட்டுகளையும் பாதிக்கின்றன. எடையைத் தாங்காத கைவிரல் மூட்டுகளிலும், பருமனானவர்களுக்குத் தேய்மானம் அதிகம் காணப்படுவது இதனால்தான்.

அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் நடத்தப்பட்டு 1992-இல் வெளியான ஆய்வு நம்பிக்கை அளிக்கிறது. 10 ஆண்டுகளில் சுமார் 5 கிலோ எடை குறைந்த பெண்களுக்கு, வலியுடன் கூடிய முழங்கால் தேய்மானம் ஏற்படும் வாய்ப்பு பாதிக்கும் மேல் குறைந்தது.

பிற காரணிகள்

பழைய மூட்டுக் காயங்கள், பரம்பரை, தொடைத் தசைகளின் பலவீனம் ஆகியவையும் நோய்க்கு வழிவகுக்கின்றன. நீண்ட நேரம் குந்தி அமர்ந்தும் மண்டியிட்டும் செய்யும் வேலைகளும் முழங்காலைப் பாதிக்கின்றன. உடல் உழைப்பே இல்லாத வாழ்க்கை முறையும் நல்லதல்ல.

கவனிக்க வேண்டியவை

நடந்தால் மூட்டு மேலும் தேயும் என்ற அச்சம் தவறானது. நடைப்பயிற்சியும் தொடைத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிகளும் வலியைக் குறைக்கும். மாறாக, வலிக்கு அஞ்சி நடமாட்டத்தைக் குறைத்தால் தசை தளர்ந்து, எடை கூடி, வலி மேலும் அதிகரிக்கும்.

மூட்டுத் தேய்மானத்தில் காலை நேர விறைப்பு பொதுவாக அரை மணி நேரத்துக்குள் நீங்கிவிடும். அதற்கு மேல் நீடித்தாலோ, மூட்டு சிவந்து சூடாக வீங்கினாலோ அது முடக்குவாதம் போன்ற வேறு நோயாக இருக்கலாம். அத்தகைய நிலையில் தாமதமின்றி மருத்துவரை அணுக வேண்டும்.

தேய்ந்த குருத்தெலும்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து இதுவரை இல்லை. எனவே, 40 வயதிலிருந்தே எடையையும் தசை வலிமையையும் பேணுவது, பிறர் துணையின்றி நடமாடும் முதுமைக்கு உதவும்.