சிமுலேட்டரை இணையத்தில் இணைத்தால்: பறப்பதோடு பேசவும் கத்துக்கணும்

வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுவது புதுசு இல்லை. ப்ரூஸ் ஆர்ட்விக் எழுதிய சிமுலேட்டரை மைக்ரோசாஃப்ட் தன் பெயரில் வெளியிட்டது 1982ல். இப்போது மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர், எக்ஸ்-பிளேன் இரண்டிலும் மேகம், காற்று எல்லாம் நிஜம் மாதிரியே இருக்கு. அதைப் பற்றி நிறைய பேர் எழுதியாச்சு. இந்தக் குறிப்பு அடுத்த படியைப் பற்றியது: அந்த சிமுலேட்டரை இணையத்தில் இணைத்து, மற்ற மனிதர்களோடு ஒரே வானத்தில் பறப்பது.

இதற்கான பெரிய வலையமைப்புகளில் ஒன்று வாட்சிம். 2001ல் தொடங்கியது, கட்டணம் கிடையாது. பைலட்டாக நீங்க ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உலகத்தில் எங்கோ ஒரு வீட்டில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டு கன்ட்ரோலராக ஒரு தன்னார்வலர். பயிற்சி எடுத்து, தேர்வு எழுதித்தான் அவர் அந்த இடத்துக்கு வருகிறார். புதிய பைலட்டுக்கும் ஒரு சின்னத் தேர்வு உண்டு. வீபைலட் அல்லது எக்ஸ்பைலட் என்ற இலவச மென்பொருளை நிறுவி, ஹெட்செட்டை மாட்டினால் பேசலாம்.

தனியாக ஓட்டும்போது தோன்றாத ஒரு விஷயம் இங்கே உடனே புரியும். விமான ரேடியோவில் ஒரு அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். நெட்வொர்க் பாஷையில் சொன்னால் ஹாஃப் டூப்ளெக்ஸ். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்தினால் மற்றவர்களுக்குக் கேட்பது வெறும் கீச்சொலி. ஈதர்நெட்டில் மோதல் நடந்தால் பாக்கெட்டைத் திரும்ப அனுப்பிக்கொள்ளலாம். வானத்தில் அதற்கு நேரம் இருக்கும் என்று சொல்ல முடியாது.

1977 மார்ச் 27, கேனரி தீவுகளில் உள்ள டெனரீஃப். ஓடுபாதை முழுக்க மூடுபனி. கேஎல்எம் 747 ஒரு முனையில் புறப்படத் தயாராக நிற்கிறது. பான் ஆம் 747 அதே ஓடுபாதையில் எதிரே மெதுவாக வந்துகொண்டிருக்கிறது. கேஎல்எம்முக்குக் கோபுரம் கொடுத்தது புறப்பட்ட பிறகு போகவேண்டிய வழி மட்டும்தான், புறப்பட அனுமதி இல்லை. ஆனால் அந்த வாக்கியத்துக்குள் 'டேக்-ஆஃப்' என்ற சொல் இருந்தது. விமானம் ஓடத் தொடங்கியது. கோபுரம் முதலில் "ஓகே" என்றது. பிறகு "காத்திருங்கள்" என்று கோபுரம் சொன்னதும், "நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்" என்று பான் ஆம் சொன்னதும் ஒரே நேரத்தில் மோதின. கேஎல்எம் காக்பிட்டில் தெளிவாகக் கேட்டது அந்த "ஓகே" மட்டும். 583 பேர் இறந்தார்கள்.

இன்றைய ரேடியோ மொழியின் சில விதிகள் அந்த விபத்தின் பாடம். 'டேக்-ஆஃப்' என்ற சொல், புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டும்தான் வரும். மற்ற இடங்களில் 'டிபார்ச்சர்'. வெறும் "ஓகே", "சரி" என்ற பதில் போதாது. உயரம், திசை, ஓடுபாதை எண் எதைச் சொன்னாலும் பைலட் அதை அப்படியே திருப்பிச் சொல்லணும். இதற்கு ரீட்பேக் என்று பெயர். கன்ட்ரோலர் அதைக் கேட்டுச் சரிபார்க்கிறார். நம்ம தொழிலில் இதை அக்னாலெட்ஜ்மென்ட் என்போம். ஆனால் இங்கே "வந்து சேர்ந்தது" என்றால் போதாது, வந்து சேர்ந்தது என்ன என்பதையும் சொல்லணும்.

எண்களிலும் இதே கவனம்தான். கரகரப்பில் ஃபைவும் நைனும் ஒன்றுபோலக் கேட்பதால் ஒன்பதை 'நைனர்' என்பார்கள். ரேடாரில் உங்களை அடையாளம் காட்டும் ஸ்குவாக் எண்ணில் 0 முதல் 7 வரை மட்டுமே வரும். நான்கு இலக்கம், ஒவ்வொன்றும் மூன்று பிட், மொத்தம் 4096 எண்கள். 7700 ஆபத்து, 7600 ரேடியோ பழுது, 7500 கடத்தல். விளையாட்டுக்காகக்கூட 7500 போடக்கூடாது, வாட்சிமில் அதற்குத் தடை.

திருப்பிச் சொன்னால் மட்டும் வேலை முடிந்துவிடாது. 1996 நவம்பர் 12, ஹரியானாவின் சர்க்கி தாத்ரி. கஜகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்கணும், எதிரே சவூதி விமானம் 14,000 அடியில். கஜகஸ்தான் விமானத்தில் ரேடியோவில் பேசியவர் ஒருவர், ஓட்டியவர் வேறொருவர். விமானம் 15,000 அடிக்குக் கீழே இறங்கிவிட்டது. 349 பேர் பலி. வீட்டில் பேசுவதும் ஓட்டுவதும் நீங்களே. அதனால் கேட்ட உயரத்தை முதலில் பேப்பரில் எழுதுங்க, அடுத்து கருவியில் திருப்பி வையுங்க, பிறகு சொல்லுங்க.

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் இணையம் இல்லாமல் செஸ்னா 172. சுமார் 55 நாட் வேகத்தில் மூக்கைத் தூக்கி, சுமார் 65 நாட் வேகத்தில் இறங்க, கை தானாகப் பழகும் வரை. விமானத்தை ஓட்டுவது முதல், வழி பார்ப்பது இரண்டாவது, பேசுவது மூன்றாவது என்பது பைலட்களின் பழைய விதி. கை பழகாமல் பேசப் போனால் இரண்டும் கெடும். அடுத்து, பார்வையாளராக இணைந்து சில நாள் கேட்டுக்கொண்டே இருங்க. பிறகு கூட்டம் இல்லாத சின்ன விமான நிலையம். "நான் புதுசு" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பெரும்பாலான கன்ட்ரோலர்கள் நிதானமாகப் பேசுவார்கள். புரியலைன்னா "ஸே அகெய்ன்". ஊகித்துப் பதில் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

இதனால் பைலட் ஆகிவிட முடியுமா? முடியாது. வீட்டு சிமுலேட்டரில் பறந்த மணி லைசென்ஸுக்குக் கணக்கில் வராது. உடம்பு உணரும் அசைவு இதில் இல்லை. வெளியே பார்க்காமல் கருவிகளையே முறைத்துப் பார்க்கும் பழக்கமும் தொற்றிக்கொள்ளும். ஆனால் ரேடியோப் பேச்சு வேற. நிஜத்திலும் அது காதில் ஹெட்செட்டும் கையில் ஒரு பொத்தானும்தான். சிமுலேட்டருக்கும் வானத்துக்கும் இடைவெளி மிகக் குறைவாக இருப்பது இந்த ஒரு இடத்தில்.

இணைந்த முதல் நாளிலிருந்தே ஒரு பழக்கம் மட்டும் வைத்துக்கொள்ளுங்க. அலைவரிசையை மாற்றியதும் பொத்தானை அழுத்தாதீங்க. சில விநாடி கேளுங்க. யாராவது பேசிக்கொண்டிருக்கலாம், யாராவது பதிலுக்காகக் காத்திருக்கலாம். அவர்கள் முடிக்கட்டும், அப்புறம் நீங்க பேசலாம்.