புள்ளியைத் துடைக்கும் மரம்!

குட்டீஸ்! பொழுது சாயும் நேரத்தில், பறக்கும் பட்டத்தை மொபைலில் படம் எடுத்திருக்கிறீர்களா? அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். வானத்தில் மணல் தூவியது போலப் பொடிப் புள்ளிகள் தெரியும். வெளிச்சம் குறைந்தால் கேமரா செய்யும் பிழை இது. இதற்கு, 'இரைச்சல்' என்று பெயர். சத்தமே போடாத இரைச்சல்!

இதை எப்படித் துடைப்பது?

டிஜிட்டல் படம் முழுக்கக் குட்டிக் குட்டிக் கட்டங்கள்தான். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் உண்டு. 0 என்றால் கறுப்பு. 255 என்றால் வெள்ளை. வானத்தில் நான்கு கட்டங்களின் எண்கள் 200, 200, 212, 200 என்று வைத்துக்கொள்வோம். கூட்டி, நான்கால் வகுத்தால் 203. அதையே நான்குக்கும் கொடுத்தால் புள்ளி மறைந்துவிடும்.

ஆனால், ஓர் ஆபத்து! வானம் 200, பட்டத்தின் ஓரம் 40. இரண்டுக்கும் சராசரி எடுத்தால் 120. ஓரமே கலங்கிவிடும். பட்டம் கலங்கினால் பரவாயில்லை. எக்ஸ்ரே படத்தில், எலும்பின் மெல்லிய விரிசல் அழிந்துபோனால்?

இங்கேதான் 'குவாட் ட்ரீ' உதவுகிறது. நான்கு நான்காகக் கிளை விடும் மரம் என்று அர்த்தம். 1974ல் ரபேல் ஃபின்கெல், ஜான் பென்ட்லி இருவரும் வைத்த பெயர் இது.

நீங்களே செய்து பாருங்கள்!

கணக்கு நோட்டில் 8க்கு 8 கட்டம் போடுங்கள். மொத்தம் 64. ஒரு மூலையில் உள்ள நான்கு கட்டங்களுக்கு மட்டும் வெவ்வேறு நிறம் தீட்டுங்கள். அதுதான் பட்டம். மற்றதெல்லாம் வானம்.

* முழுப் படத்தையும் நான்கு சம சதுரங்களாகப் பிரியுங்கள். மூன்றில் வெறும் வானம். அவற்றை அப்படியே விடுங்கள்.
* பட்டம் உள்ள சதுரத்தை மட்டும் மறுபடி நான்காக்குங்கள். மூன்றில் வானம், விடுங்கள்.
* மிச்சமுள்ள ஒன்றையும் நான்காக்குங்கள்.

இப்போது எண்ணுங்கள்: 3+3+4=10. அறுபத்து நான்குக்குப் பதில் பத்தே துண்டுகள்! வானத் துண்டுகளுக்குச் சராசரி எடுத்தால் புள்ளி போய்விடும். பட்டத்தின் கட்டங்களைத் தொடவே வேண்டாம்; ஓரம் கூர்மையாகவே இருக்கும்.

கம்ப்யூட்டருக்கு விதி ஒன்றுதான்: வித்தியாசம் சிறிதா, பிரிக்காதே, பெரிதா, பிரி! எது 'பெரிது' என்று முடிவு செய்வதில்தான் சூட்சுமம். அந்த அளவைக் கூட்டினால், மங்கலான விரிசலும் புள்ளியோடு சேர்ந்து போய்விடும். குறைத்தால், புள்ளிகள் அப்படியே நிற்கும்.

துடைப்பது சுலபம், குட்டீஸ். எதைத் துடைக்கக் கூடாது என்று தெரிவதுதான் கெட்டிக்காரத்தனம்!