ஏற்பூசி கடைசியாக எப்போது போட்டீர்கள்?

வலுவூட்டல் என்றால் எமது தலைமுறைக்கு முதலில் நினைவுக்கு வருவது போர்ச் செய்திதான். முகாமுக்கு மேலதிகப் படை வந்து சேர்ந்தது என்பார்கள். மேசன் வேலை தெரிந்தவருக்கு அது கொங்கிறீற்றுக்குள் வைக்கும் கம்பி. பிள்ளை வளர்ப்பில், நல்லது செய்தவுடன் பாராட்டி அந்தப் பழக்கத்தை நிலைக்கச் செய்வது. வைத்தியத்தில் பூஸ்ரர் ஊசி. எங்கும் ஒரு விதி பொது: ஏற்கெனவே இருப்பதைத்தான் வலுவூட்டலாம்.

ஏற்பு நோயைப் பாருங்கள். டெனிஸ் மொழியில் ஸ்ரிவ்கிறம்ப. இதன் கிருமி மண்ணில் வாழ்கிறது. புரொண்பியில் தோட்டம் வைத்திருக்கும் எம்மவர் பலர் வெறுங்கையால்தான் மண் கிளறுகிறார்கள். ஒரு முள், ஒரு துருப்பிடித்த ஆணி போதும். இந்நோய் ஆளுக்கு ஆள் தொற்றுவதில்லை. ஆகவே சுற்றியிருப்பவர் எல்லோரும் ஊசி போட்டிருந்தாலும் அது உங்களைக் காக்காது. நோய் வந்து பிழைத்தவருக்கும் எதிர்ப்புச் சக்தி உண்டாவதில்லை, அவரும் ஊசி போடவேண்டும்.

டென்மார்க்கில் பிறந்த பிள்ளைகளுக்கு 3, 5, 12 மாதங்களிலும், வலுவூட்டலாக 5 வயதிலும் இந்த ஊசி போடப்படுகிறது. பெற்றோர், பேரன் பேத்திமாரின் நிலைதான் கவலை. இலங்கையில் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் தொடங்கியது 1978இல். அதற்கு முன் பிறந்தவர்கள் பலரிடம் அட்டை இல்லை, இருந்ததும் இடப்பெயர்வில் போய்விட்டது. பெண்களுக்காவது கர்ப்பகாலத்தில் ஏற்பூசி போட்ட ஞாபகம் இருக்கும். ஆண்களைக் கேட்டால், "சின்னனிலை காலிலை ஆணி ஏறினபோது ஒண்டு போட்டது, டொக்டர்" என்பார்கள். அந்த ஒன்று போதாது.

முதல் ஊசிகள் உடலுக்கு எதிரியை அறிமுகப்படுத்துகின்றன. அந்த ஞாபகம் சில உயிரணுக்களில் தங்குகிறது. பின்னர் போடும் பூஸ்ரர் அவற்றைத் தட்டியெழுப்ப, சில நாட்களிலேயே எதிர்ப்புப் பொருள் உயர்கிறது. அடித்தளமே இல்லாதவருக்கு ஒரு பூஸ்ரர் அவ்வாறு வேலை செய்யாது. அவர் மூன்று ஊசிகளையும் முறைப்படி போடவேண்டும்: இரண்டாவது ஒரு மாதத்தின் பின், மூன்றாவது ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களின் பின். அதன்பின் ஏறத்தாழ 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை வலுவூட்டினால் போதும்.

இங்கு போட்ட ஊசிகளின் பதிவை சுண்ட்ஹெட் இணையத்தளத்தில் மிட் ஐடி மூலம் பார்க்கலாம். பழைய ஊசிகள் அதில் இல்லாமல் இருக்கலாம், அட்டை ஏதும் கிடந்தால் எடுத்து வாருங்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் விமானச்சீட்டு எடுத்த கையோடு குடும்ப வைத்தியரிடம் நேரம் கேளுங்கள். பயணத்துக்கு முதல்நாள் வந்து நின்றால் ஒரு ஊசிதான் போடமுடியும்.