இல்லமே பணியிடம்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்தவை இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும். 1936ஆம் ஆண்டு பி. ஏ. சி. இராமசாமி ராஜா நிறுவிய நூற்பாலை இராசபாளையத்தை ஆலை நகராக மாற்றியது. சங்கொலி கேட்டு ஆலைக்குச் சென்று, மறுசங்கு கேட்டு வீடு திரும்புவதே வேலை என்னும் எண்ணம் அங்கே வேரூன்றியது. எனினும் ஆலையின் மதிலுக்கு வெளியேயும் உழைப்பு ஓயவில்லை. இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி, மருத்துவமனைகளுக்குரிய கட்டுத்துணி நெசவால் பெயர் பெற்றது. தளவாய்புரத்தில் பெண்டிர்க்கான இரவு உடைகள் வீட்டுக் கூடங்களிலேயே தைக்கப்படுகின்றன. சிவகாசி வட்டாரத்துத் தீப்பெட்டிக் கூடுகளும் தென்காசி, திருநெல்வேலிப் பகுதிகளின் பீடிகளும் நெடுங்காலம் வீட்டுத் திண்ணைகளில் உருவானவையே.

2020 மார்ச்சு மாதப் பொதுமுடக்கத்தின்போது, கணினிப் பணியாளர்கள் மடிக்கணினியோடு சொந்த ஊர் திரும்பினர். 'வீட்டிலிருந்து பணி' என்னும் தொடர் அப்போதுதான் நாளிதழ்களில் நாள்தோறும் இடம்பெற்றது. தையற்பொறியின் முன் அமர்ந்திருந்த பெண்களுக்கு அத்தொடர் புதிது, வாழ்க்கை பழையது. இவ்விரு சாராரின் பணியையும் ஒருங்கே நோக்கினால்தான், வீட்டிலிருந்து செய்யும் வேலையைத் தேடுவதிலும் அதற்குரிய ஊதியத்தைப் பேசி முடிப்பதிலும் உள்ள நுட்பங்கள் விளங்கும்.

வேலை தேடும் வழி

தையல் வேலை பெரும்பாலும் உறவினர் வழியாகவோ தெருவில் உள்ளோர் வழியாகவோ கிடைக்கிறது. வேலை தருபவர் யார், கூலியை நாள் தவறாமல் கொடுப்பவரா என்பது ஊருக்கே தெரியும். இணைய வேலையில் இந்தப் பாதுகாப்பு இல்லை. கணக்குப் பதிவு, மொழிபெயர்ப்பு, பாடம் கற்பித்தல், வாடிக்கையாளர் சேவை, மருத்துவக் குறிப்புகளை எழுத்தாக்குதல் எனப் பல பணிகளை வீட்டிலிருந்தே செய்ய இயலும். ஆனால் வேலை தருபவரின் முகத்தைக் காண இயலாது. ஆகவே, ஊர் செய்துவந்த விசாரணையை வேலை தேடுபவரே செய்தாக வேண்டும். நிறுவனம் பதிவு பெற்றதா, அதன் முகவரியும் அலுவலகத் தொலைபேசியும் உண்மையானவையா, அங்கே பணிபுரிந்தோர் எவரேனும் உளரா என்பவற்றை அறிய வேண்டும். நடுவண் அரசு 2015இல் தொடங்கிய தேசிய வாழ்க்கைத்தொழில் சேவைத் தளம் போன்றவற்றில் தேடத் தொடங்குவது நன்று.

ஏமாற்றுவோரின் முறை பெரும்பாலும் ஒன்றே. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், காப்புத்தொகை என ஏதேனும் ஒரு பெயரில் முன்பணம் கேட்பர். வேறு சிலர் காணொலிகளுக்கு விருப்பக்குறி இடுதல் போன்ற எளிய வேலைகளைத் தந்து, முதலில் சிறு தொகையை உண்மையாகவே அனுப்புவர். நம்பிக்கை பிறந்ததும், பெரிய வேலைக்குப் பெருந்தொகை கட்டுமாறு தூண்டுவர். கட்டிய பணம் திரும்புவதில்லை. தையற்கூலி தரும் முதலாளி தைப்பவரிடம் பணம் கேட்பதில்லை என்பதை நினைவிற்கொண்டால் இவ்வலையில் விழ நேராது. வங்கிக் கணக்கைப் பிறர் பயன்படுத்தத் தந்தால் தரகுத்தொகை கிடைக்கும் என்று கூறும் 'வேலை' இன்னும் கொடியது; அது கணக்கு உரிமையாளரையே வழக்கில் சிக்கவைக்கும். பணம் இழந்தவர்கள் 1930 என்னும் எண்ணில் உடனே முறையிட வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்கிற்குத் தாவிக்கொண்டே இருக்கும்.

கூலியைக் கணக்கிடுதல்

ஊதியம் பேசுவதற்கு முன் அதனைக் கணக்கிடத் தெரிந்திருக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். உடை ஒன்றுக்கு 12 ரூபாய் கூலி. நாளொன்றுக்கு 25 உடைகள். உழைக்கும் நேரம் 8 மணி. நாள்வருவாய் 300 ரூபாய். மணிக்கு 37 ரூபாய் 50 காசு என்று தோன்றும். நூல், ஊசி, மின்சாரம், எந்திரப் பழுது ஆகியவற்றுக்கு நாளொன்றுக்கு 40 ரூபாய் செலவாகிறது எனில், எஞ்சுவது 260 ரூபாய். துணியை எடுத்துவந்து, தைத்ததைக் கொண்டுசேர்க்க ஒரு மணி நேரம். குறை கூறித் திருப்பப்பட்டவற்றைப் பிரித்துத் தைக்க அரை மணி நேரம். ஆக, ஒன்பதரை மணி நேர உழைப்புக்கு 260 ரூபாய். மணிக்கு ஏறத்தாழ 27 ரூபாய். மறைந்துபோன அந்தப் பத்து ரூபாயைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

கணினிப் பணிக்கும் இக்கணக்கே பொருந்தும். இணையக் கட்டணம், மின்தடையைச் சமாளிக்கும் மின்கலம், மடிக்கணினியின் தேய்மானம் ஆகியவற்றை யார் ஏற்பது? மின்தடையால் இழந்த நேரத்துக்கு ஊதியம் உண்டா? இரவு பத்து மணிக்கு வரும் அழைப்பும் பணிநேரத்தில் அடங்குமா? இவற்றைச் சேரும் முன்னரே கேட்பவரை எந்த நல்ல நிறுவனமும் தவறாக எண்ணுவதில்லை. சந்தையில் கத்தரிக்காய்க்கு இரண்டு ரூபாய் குறைத்துக் கேட்கத் தயங்காதவர்கள், தம் உழைப்பின் விலையைப் பேசும்போது மட்டும் நாணித் தலைகுனிவது வியப்பே. நேரில் பேசி முடித்தவற்றைப் பின்னர் மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ எழுதி அனுப்பி, ஒப்புதல் பெறுவது இன்றியமையாதது. பேசிய மேலாளர் மாறிப்போகலாம், எழுத்து இருக்கும்.

தனித்துப் பேசுபவரைவிடச் சேர்ந்து பேசுபவருக்கு வலிமை மிகுதி. ஒரே தெருவில் பத்துப் பேர் ஒரே வகை உடையை வெவ்வேறு கூலிக்குத் தைப்பதுண்டு. ஒருவர் கூலி மற்றவருக்குத் தெரியாதிருப்பதே அதற்குக் காரணம். அகமதாபாத்தில் 1972இல் இலா பட் தொடங்கிய சுயதொழில் மகளிர் சங்கம், இவ்வாறு சிதறிக் கிடந்த பெண்களை ஒன்று திரட்டியே கூலியைப் பேசியது.

சட்டம் தரும் துணை

வீட்டில் இருந்து உழைப்பவர் தொழிலாளரா என்னும் வினா நீதிமன்றம் வரை சென்றுள்ளது. 'சில்வர் ஜூபிலி' தையலகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1973இல் தீர்ப்பளித்தது. அங்குத் தைத்தோர் உருப்படிக் கணக்கில் கூலி பெற்றனர். சிலர் துணியை வீட்டுக்கும் எடுத்துச் சென்றனர். ஆகவே அவர்கள் பணியாளர் அல்லர் என வாதிடப்பட்டது. தைத்தது சரியில்லை என்று மறுக்கவும் மீண்டும் தைக்கச் சொல்லவும் கடைக்காரருக்கு உரிமை உண்டெனில், அதுவே அவருடைய மேலாண்மைக்குச் சான்று என நீதிமன்றம் கருதி, அவர்களைப் பணியாளராகவே ஏற்றது. தைத்ததைத் திருப்பியனுப்பும் அதிகாரமே தைத்தவரின் உரிமைக்குச் சான்றானது.

1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டமும், பிறர் தரும் பொருளைத் தம் வீட்டில் வைத்து உருவாக்கித் தருபவரைப் பணியாளர் என்னும் சொல்லுக்குள் அடக்கியது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 'வீடுசார் தொழிலாளர்' என்பதற்குத் தனி விளக்கமே தருகிறது. கருவியையும் மூலப்பொருளையும் முதலாளி தந்தாலும் தராவிட்டாலும் அவர் தொழிலாளரே. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேற்றுப் பயன் சட்டம், மகப்பேற்று விடுப்பு முடிந்த பின்னர், பணியின் தன்மை இடந்தருமாயின், தாயும் நிறுவனமும் உடன்பட்ட நிபந்தனைகளின்படி அவர் வீட்டிலிருந்து பணிபுரியலாம் என்றது. நாள்கள் எத்தனை, நேரம் எது என்பவற்றைச் சட்டம் வரையறுக்கவில்லை. அவற்றை அப்பெண்ணே பேசிப் பெற வேண்டும். விடுப்பு முடியும்வரை காத்திராமல் அதற்கு முன்பே எழுத்தில் கேட்பது அவருக்கு நன்று.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் வீட்டுவழிப் பணி குறித்த உடன்படிக்கையை ஏற்றது. அதற்காகப் பாடுபட்டோரில் அகமதாபாத் சங்கத்தினரும் அடங்குவர். வீட்டில் உழைப்பவரையும் பிற கூலித் தொழிலாளரையும் ஊதியம், பாதுகாப்பு, சங்கம் சேரும் உரிமை ஆகியவற்றில் ஒப்ப நடத்துக என்பது அதன் சாரம். 2000ஆம் ஆண்டு அது நடைமுறைக்கு வந்தது. அதனை முதலில் ஏற்புறுதி செய்த நாடு பின்லாந்து. இந்தியா இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.