காப்பும் கமெராவும்

தமிழ்ப் பண்டிதன் ஒருவனுக்கும் கமெராவுக்கும் என்ன தொடர்பு என்று வாசக அன்பர்கள் வினவக்கூடும். சென்ற ஆண்டு வரை யானும் அவ்வாறே வினவியிருப்பேன். நன்னூலும் காரிகையும் கற்பித்தே முப்பது ஆண்டுகளைக் கழித்த எனக்கு, வில்லையின் குவியத்தூரமும் துவாரத்தின் அளவும் வேற்றுமொழி இலக்கணமாகவே தோன்றின. ஆயினும், ஒரு தாயின் கேள்வி அவ்விலக்கணத்தையும் என்னைக் கற்க வைத்தது.

கொட்டாஞ்சேனையில் சனிக்கிழமைதோறும் மாலையில் யான் நடத்தும் இலக்கிய வகுப்புக்கு வரும் மாணவன் ஒருவன் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்துப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்தான். அவனுடைய அன்னையார் தையல் வேலை செய்து குடும்பத்தைத் தாங்குபவர். ஒருநாள் வகுப்பு முடியும்வரை வாசலிற் காத்து நின்று, கையிலிருந்த காப்பைத் தடவியபடி கேட்டார்: “ஐயா, இவன் கமெரா வேணுமெண்டு ஒற்றைக் காலிலை நிக்கிறான். கலியாணவீட்டுப் படம் எடுத்து உழைப்பானாம். இந்தக் காப்பை அடைவு வைச்சு வாங்கிக் குடுக்கட்டோ? நீங்கள் ஒரு சொல் சொல்லுங்கோ.”

அறியாத பொருளில் அபிப்பிராயம் கூறுதல் ஆசிரியனுக்கு அழகன்று. ஆதலின் ஒரு மாதத் தவணை கேட்டேன். வெள்ளவத்தையில் வசிக்கும் என் பழைய மாணவர் ஒருவரிடம் நிக்கோன் டி3500 என்னும் கமெரா இருந்தது. பயில்வோருக்கென்றே 2018ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட டிஜிற்றல் எஸ்.எல்.ஆர். வகைக் கருவி அது. பையன் கேட்டதும் அவ்வகையே. “வைச்சுப் பாருங்கோ சேர்” என்று அவர் தந்த கருவியோடு யான் ஒரு மாதம் பழகியதன் பயனே இக்கட்டுரை.

கருவியின் இயல்பு

இவ்வகைக் கமெராவின் உள்ளே, வில்லைக்குப் பின்னாற் சாய்வாக ஒரு கண்ணாடி நிற்கிறது. வில்லை வழியே வரும் ஒளியை அது மேல்நோக்கித் திருப்ப, உச்சியிலுள்ள வேறு கண்ணாடிகள் அதனை நம் கண்ணுக்குக் கொணர்கின்றன. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலெழுகிறது. பின்னுள்ள திரை திறந்து மூடுகிறது. அவ்விடைவெளியில் ஒளி உணரியின்மேல் விழுந்து படமாகிறது. “கிளிக்” என்று நாம் கேட்பது இவ்வியக்கத்தின் ஒலியே.

இதன் உணரி 23.5 மில்லிமீற்றர் நீளமும் 15.6 மில்லிமீற்றர் அகலமும் உடையது. கைப்பேசிகளின் உணரியைவிட இது பெரிது. ஆதலின் மிகுதியான ஒளியை ஏற்கிறது. படம் ஒன்றில் 2 கோடியே 42 இலட்சம் புள்ளிகள் உள. இருபது அங்குல நீளத்தில் அச்சிட்டாலும் அப்படம் தெளிவாக நிற்கும். மின்கலமும் நினைவட்டையும் சேர்ந்த உடல் 415 கிராம் நிறையே உடையது. ஒருமுறை மின்னேற்றினால் 1,550 படங்கள் எடுக்கலாம் என்பது நியம முறைப்படி அளந்த கணக்கு. அதே ஆண்டில் வந்த கனன் 1500டி என்னும் கருவிக்கு அக்கணக்கு 500 ஆகும். மின்வெட்டு நாட்களைக் கண்ட நமக்கு இவ்வேறுபாட்டின் அருமை தெரியும். கருவியின் மேலுள்ள சில்லில் “வழிகாட்டி” என்றொரு நிலையும் உண்டு. எதனைப் படம்பிடிக்க விரும்புகிறோம் என்று நாம் தெரிந்தெடுத்தால், எதனை எவ்வாறு மாற்றவேண்டும் என்று அது படிப்படியாகச் சொல்லித் தருகிறது.

நெய்தலும் எற்பாடும்

முதற் சோதனையை வெள்ளவத்தைக் கடற்கரையில் நிகழ்த்தினேன். தொல்காப்பியர் நெய்தல் நிலத்துக்கு எற்பாட்டைச் சிறுபொழுதாக வகுத்ததன் பொருத்தத்தை நூலிற் கற்றிருந்தேன். கமெராவின் வழியாகக் கண்டது அன்றுதான். நண்பகலில் எடுத்த அலை வெளிறிக் கிடந்தது. ஞாயிறு சாயும் வேளையில் எடுத்த அதே அலை ஒவ்வொரு மடிப்பிலும் நிழல் கொண்டு எழுந்தது. கருவியும் இடமும் ஒன்றே, பொழுதுதான் வேறு. நிலமும் பொழுதுமே முதற்பொருள் என்று நம் முன்னோர் வகுத்தது ஒளிப்படக் கலைக்கும் பொருந்துவதை மாணவர் எண்ணிப் பார்ப்பாராக.

கடலோரம் செல்லும் புகையிரதத்தையும் படம்பிடித்தேன். கண்ணிமைக்கும் பொழுதை ஒரு மாத்திரை என்பர் இலக்கணிகள். இக்கருவியோ அம்மாத்திரையை நூற்றுக்கணக்கான கூறுகளாக்கி, ஒரு வினாடியின் நாலாயிரத்தில் ஒரு பங்கு வரையில் திரையை இயக்கவல்லது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி, வினாடியின் முப்பதில் ஒரு பங்கில் அரை மீற்றருக்கு மேல் நகர்ந்துவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கில் இரண்டு சென்ரிமீற்றரும் நகராது. முதல் எண்ணில் வண்டி நீர்க்கோலமாயிற்று. இரண்டாவதில் யன்னலோரத்து முகங்களும் தெரிந்தன. கணக்காகச் சொன்னால் விளங்காத மாணவனுக்கு இவ்விரு படங்களையும் காட்டினாற் போதும்.

கருங்கல்லும் மண்டபமும்

இரண்டாவது சோதனை கொட்டாஞ்சேனையில். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் கட்டுவித்த பொன்னம்பலவாணேசுவரர் கோயிலின் முன் வீதியில் நின்றேன். அனுமதியின்றி ஆலயத்துட் கமெராவைத் தூக்குதல் முறையன்று. ஆதலின் வெளியே நின்றே எடுத்தேன். பின்னே ஒளிமிக்க வானம். முன்னே கரிய கல். கருவி தானே அளந்த அளவை நம்பினால் ஒன்று வானம் வெளுக்கும், அன்றேற் கல் இருளில் மூழ்கும். எது வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டியவன் படம்பிடிப்பவனே. ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் உரிய பொத்தானின் பயன் அன்று விளங்கியது.

பின்னர் மண்டபம் ஒன்றில் நிகழ்ந்த மாலைக் கூட்டத்துக்குக் கருவியைக் கொண்டு சென்றேன். மங்கிய குழல்விளக்கு, மேடையிற் பேசுபவரோ கையை வீசிப் பேசுபவர். இங்கேதான் கருவியோடு வரும் வில்லையின் எல்லை புலப்பட்டது. 18 முதல் 55 மில்லிமீற்றர் வரையிலான அவ்வில்லை, தொலைவை நெருக்கிக் காட்டும் முனையில் எஃப் 5.6 அளவுக்கு மேல் திறவாது. திரையை மெல்ல இயக்கினால் கை அசைந்த தடம் படமாகும். உணர்திறனை உயர்த்தினால் மணல் தூவியதுபோற் புள்ளிகள் தோன்றும். எஃப் 1.8 வரை திறக்கும் 35 மில்லிமீற்றர் வில்லை ஒன்று தனியே விற்கப்படுகிறது. அது ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். கலியாணவீட்டு மண்டபத்தில் உழைக்க எண்ணுபவன் கமெராவின் விலையோடு இவ்வில்லையின் விலையையும் கூட்டிப் பார்த்தல் வேண்டும். வில்லையைக் குவிக்கும் மோட்டார் இக்கருவியின் உடலில் இல்லை. ஆதலின் மலிவு கருதிப் பழைய வில்லைகளை வாங்குவோர் அவை தாமே குவியவல்லனவா என்று கேட்டறிந்தே வாங்குக.

ஒரு பழைய படம்

மூன்றாவது சோதனை என் வீட்டு மேசையில் நிகழ்ந்தது. 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தையில் இருந்த எங்கள் வீடு எரிந்தபோது யான் பதின்மூன்று வயதுச் சிறுவன். பாடசாலை முகாமிற் சில நாட்கள் இருந்து, கப்பலேறிக் காங்கேசன்துறை போய்ச் சேர்ந்தோம். பாத்திரம் பண்டங்களைப் பின்னர் தேடிக்கொண்டோம். படங்களைத் தேட முடியவில்லை. என் தாயார் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே காலமானவர். அவருடைய முகம் எஞ்சியிருந்தது, யாழ்ப்பாணத்து உறவினர் வீட்டில் இருந்த ஒரு கலியாணப் படத்தில் மட்டுமே. அப்படத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் நிற்கின்றனர். பின்வரிசையில் நிற்கும் தாயாரின் முகம் புளியங்கொட்டை அளவானது.

அப்படத்தை யன்னலோரத்து மேசையில் வைத்து, மின்னொளி பாய்ச்சாது, பக்கத்து வெளிச்சத்தில் எடுத்தேன். இக்கருவியின் வில்லை 25 சென்ரிமீற்றர் தூரம் வரை நெருங்கிக் குவியும். கை நடுங்காதிருக்கக் கமெராவைப் புத்தக அடுக்கின்மேல் வைத்து, இரண்டு வினாடி தாமதித்துத் தானே இயங்குமாறு செய்தேன். கணினித் திரையிற் பெருக்கிப் பார்த்தபோது தாயாரின் இடப்பக்கக் காதில் ஒரு தோடு தெரிந்தது. அவர் தோடு அணிந்திருந்தார் என்பதே எனக்கு மறந்திருந்தது. அன்று வேறு படம் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

குறைகள்

குறைகளையும் கூறாது விடுதல் நேர்மையன்று. திரை நிலையானது, மடியாது, தொட்டாலும் இயங்காது. வெளியிலிருந்து ஒலிவாங்கி பொருத்த இடமில்லை. 4கே எனப்படும் உயர்தரக் காணொளி இல்லை. உணரியிற் படியும் தூசியைத் தானே உதறும் வசதியும் இல்லை. நினைவட்டைக்கு ஒரே துளைதான் உண்டு. அது பழுதானால் மணமக்களின் அந்நாள் முழுவதும் போயிற்று.

யாவற்றினும் முக்கியமானது, இக்கருவியின் உற்பத்தி இன்று நின்றுவிட்டது என்பதாம். பெரிய நிறுவனங்கள் கண்ணாடியற்ற கமெராக்களின் பக்கம் திரும்பிவிட்டன. ஆதலின் இதனை வாங்குவோர் பெரும்பாலும் பழைய கருவியையே வாங்குவர். அதனை இழிவென்று எண்ண வேண்டா. 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்த பின்னர் புதிய கருவியின் விலை எளியோர் கைக்கு எட்டாததாயிற்று. நன்கு பேணப்பட்ட பழைய கருவி, பயில்வோருக்கு இன்றும் தக்க துணையே. ஆயினும், திரை எத்தனை முறை இயங்கியது என்னும் எண்ணிக்கையைப் படக்கோப்பின் வழியாக அறிந்துகொள்க. வில்லையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, சிலந்திவலை போன்ற பூஞ்சணம் உள்ளே படர்ந்திருக்கிறதா என நோக்குக. கொழும்பின் ஈரக்காற்றில் பூட்டிவைத்த வில்லைகளுக்கு இந்நோய் எளிதில் வரும். காற்றுப்புகாப் பெட்டியில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வைத்தலும், அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்தலுமே மருந்து. கடற்கரையிலிருந்து வந்தவுடன் உப்பைத் துடைத்தல் வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

யான் சொன்ன விடை

யூலியா மார்கரெற் கமரன் என்னும் ஆங்கிலப் பெருமாட்டி, 1863ஆம் ஆண்டில் தமது நாற்பத்தெட்டாம் வயதில், மகள் பரிசளித்த முதற் கமெராவைக் கையிலெடுத்தார். உலகம் போற்றும் ஒளிப்படக் கலைஞரானார். 1875இல் இலங்கை வந்து, 1879இல் இங்கேயே மறைந்து, பொகவந்தலாவையில் அடக்கமானார். கொழும்பிற் பிறந்த லயனல் வென்ட் இந்நாட்டு மக்களையும் நிலத்தையும் படம்பிடித்துப் புகழ் பெற்று, 1944இல் மறைந்தார். இன்று நம் பையன்கள் கேட்கும் கருவிக்கு உள்ள வசதிகளிற் பல இவ்விருவர் கருவிகளுக்கும் இல்லை. இருந்தது பொழுதறிந்து காத்திருக்கும் பொறுமையும், முகத்தை நோக்கும் அன்புமே.

தவணை முடிந்த சனிக்கிழமை அன்னையாரிடம் கூறினேன்: “அம்மா, கருவி நல்லது. ஆனால் காப்பை இப்போது அடைவு வைக்க வேண்டாம். மூன்று மாதம் இரவற் கமெராவிலே பழகட்டும். ஒரு கலியாணப் படப்பிடிப்பாளரிடம் உதவியாளாய் நின்று மண்டபத்து வெளிச்சத்தைப் படிக்கட்டும். அதன் பிறகும் இதே ஆசை இருந்தால், பழைய கருவி ஒன்றை நானே வந்து பார்த்து வாங்கித் தருவேன்.” பையனின் முகம் வாடியது. அன்னையார் பெருமூச்சு விட்டார். அது ஆறுதலா ஏமாற்றமா என்று என்னால் அறியக்கூடவில்லை.

இரவல் தந்த என் பழைய மாணவர் பெருமனத்துடன் அக்கமெராவை வகுப்பின் பொறுப்பில் விட்டுவைத்தார். பையன் இப்போது இரண்டாம் மாதத்தில் இருக்கிறான். ஞாயிறுதோறும் ஒரு படப்பிடிப்பாளருக்கு விளக்குத் தாங்கிப் பிடிக்கிறான். கிழமை நாட்களில் அயலிலுள்ள முதியோரைப் படம்பிடிக்கிறான். அவனுக்கு யான் இட்ட கட்டளை ஒன்றே: எடுத்த படம் ஒவ்வொன்றும் மூன்று இடங்களில் இருத்தல் வேண்டும், அவற்றுள் ஒன்று வேறொருவர் வீட்டில் இருத்தல் வேண்டும், நல்ல படத்தை அச்சிட்டு உரியவர் கையிற் கொடுத்தல் வேண்டும். ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று அவன் கேட்டான். மேசையிலிருந்த கலியாணப் படத்தை எடுத்து, பின்வரிசையில் நின்ற முகத்தை அவனுக்குக் காட்டினேன்.