சிரிப்புக்கும் முன்ஜாமீன்

மும்பை மேடை ஒன்றில் பாடிய கேலிப் பாட்டுக்காக, விழுப்புரம் மாவட்டத்தில் வசிப்பவர் என்ற முகவரியுடன் சென்னை உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார் நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ரா. 2025 மார்ச் 28-ம் தேதி அவருக்கு ஏப்ரல் 7 வரை இடைக்கால முன்ஜாமீன் கிடைத்தது. கொலை, கொள்ளை வழக்குகளில் கேட்கப்படும் பாதுகாப்பை ஒரு நையாண்டிக் கலைஞரும் கேட்க வேண்டிய காலம் வந்திருக்கிறது.

'நயா பாரத்' என்ற அவரது நிகழ்ச்சியின் காணொளி மார்ச் 23-ம் தேதி வெளியானது. மகாராஷ்டிர துணை முதல்வர் ஏக்நாத் ஷிண்டே கட்சி மாறிய கதையை, பெயர் சொல்லாமல், பழைய இந்திப் படப்பாடலின் மெட்டில் அவர் கேலி செய்திருந்தார். அன்றிரவே சிவசேனைத் தொண்டர்கள், நிகழ்ச்சி பதிவு செய்யப்பட்ட கார் பகுதியின் 'ஹாபிடாட்' அரங்கை அடித்து நொறுக்கினர். மறுநாள் மாநகராட்சி ஊழியர்கள் வந்து, விதிமீறல் என்று கூறி அரங்கின் சில பகுதிகளை இடித்தனர். அரங்கை மூடுவதாக அதன் நிர்வாகம் அறிவித்தது.

நாற்காலிகளை உடைத்ததாகக் கைது செய்யப்பட்டவர்களுக்கு அன்றே ஜாமீன் கிடைத்துவிட்டது. பாட்டுப் பாடியவரோ ஒரு மாநிலம் தாண்டி நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. ஏப்ரல் 25-ம் தேதி மும்பை உயர் நீதிமன்றம், மனு நிலுவையில் இருக்கும் வரை அவரைக் கைது செய்யக் கூடாது என்றும், விசாரிக்க வேண்டுமானால் சென்னையில் விசாரிக்கலாம் என்றும் உத்தரவிட்ட பிறகே அவருக்கு ஓரளவு மூச்சு விட முடிந்தது.

ஒருவர், பல எதிரிகள்

காம்ராவின் கடந்த சில ஆண்டுகளைப் பார்த்தால், அவர் ஒரு கட்சியை மட்டும் எதிர்த்தவர் அல்லர் என்பது புரியும். 2020 ஜனவரியில் விமானப் பயணம் ஒன்றில் தொலைக்காட்சி நெறியாளர் அர்னாப் கோஸ்வாமியை, அவருடைய பாணியிலேயே கேள்விகளால் துளைத்தார். இண்டிகோ நிறுவனம் அவருக்கு 6 மாதத் தடை விதித்தது. அன்றைய விமானப் போக்குவரத்து அமைச்சர் மற்ற நிறுவனங்களுக்கும் அதையே பரிந்துரைக்க, ஏர் இந்தியா உட்பட மேலும் சில நிறுவனங்களும் கதவைச் சாத்தின. தன்னைக் கலந்தாலோசிக்கவில்லை என்று அந்த விமானத்தின் விமானியே நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார். தடை பின்னர் 3 மாதமாகக் குறைக்கப்பட்டது.

அதே ஆண்டு நவம்பரில், கோஸ்வாமிக்கு உச்ச நீதிமன்றம் விரைந்து ஜாமீன் அளித்ததைக் கிண்டல் செய்தார். அவர் மீது அவமதிப்பு வழக்குத் தொடர அட்டர்னி ஜெனரல் கே.கே.வேணுகோபால் இசைவு தந்தார். மன்னிப்புக் கேட்க காம்ரா மறுத்துவிட்டார்.

2023 ஏப்ரலில் மத்திய அரசு தகவல் தொழில்நுட்ப விதிகளைத் திருத்தியது. அரசு தொடர்பான செய்திகளில் எது பொய் என்பதை அரசே அமைக்கும் பிரிவு முடிவு செய்யும் என்பது அதன் சாரம். அதை எதிர்த்து மும்பை உயர் நீதிமன்றத்துக்கு முதலில் சென்றவர்களில் அவரும் ஒருவர். 2024 ஜனவரியில் இரு நீதிபதிகளின் தீர்ப்பு இரண்டுபட்டது. மார்ச்சில் அந்தப் பிரிவு குறித்த அறிவிக்கையை உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. செப்டம்பரில் மூன்றாவது நீதிபதி ஏ.எஸ்.சந்துர்கர், திருத்தம் அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது எனக் கூற, அது ரத்தானது. நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் நடத்தியிருக்க வேண்டிய ஒரு போராட்டத்தில் ஒரு நகைச்சுவைக் கலைஞரின் பெயர் முன்னே நிற்பது, நமது ஊடக உலகின் நிலைக்கு ஒரு சான்று.

ஒரு புகைப்படம் கேட்ட கேள்வி

2024 அக்டோபரில் அவர் கைவைத்தது பெருநிறுவனம் ஒன்றின் மீது. பழுது நீக்கக் காத்து வரிசையாக நிற்கும் ஓலா மின்சார ஸ்கூட்டர்களின் படத்தை வெளியிட்டு, வாடிக்கையாளர்களின் குரல் கேட்கிறதா என்று வினவினார். நிறுவனத் தலைவர் பவீஷ் அகர்வால், காசு வாங்கிக்கொண்டு எழுதப்பட்ட பதிவு என்று சாடியதோடு, தோற்றுப்போன நகைச்சுவைத் தொழிலில் கிடைப்பதைவிட அதிகச் சம்பளம் தருகிறேன், வந்து பழுது பார்க்க உதவுங்கள் என்று ஏளனம் செய்தார். அடுத்த வர்த்தக நாளில் நிறுவனப் பங்கின் விலை 8 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. ஓராண்டில் வந்திருந்த புகார்கள் 10,644.

இந்த நோட்டீஸுக்குக் காம்ராவின் பதிவுதான் காரணம் என்று சொல்வது மிகை. புகார்கள் ஏற்கெனவே குவிந்து கிடந்தன. வண்டி வாங்கி ஏமாந்தவன் தனித்தனியே முறையிட்டபோது கிடைக்காத பதில், ஊரே சிரித்தபோது கிடைத்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

தங்கவயலுக்கு இதில் என்ன?

ஓலாவின் தலைமையகம் இருப்பது பெங்களூரில். தொழிற்சாலை கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில். இந்த இரண்டுக்கும் அதிகத் தொலைவில் இல்லாதது கோலார் தங்கவயல். மாரிக்குப்பம், சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் என்று நிலையம் நிலையமாக ஏறும் தமிழ்த் தொழிலாளர்கள் நாள்தோறும் ரயிலில் பெங்களூருக்குப் பிழைக்கப் போகிறார்கள். 2001 பிப்ரவரி 28-ம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டதிலிருந்து அவர்களுக்கு வேறு வழி இல்லை.

நிறுவனம் என்றால் என்ன என்பதை ஊரிகத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜான் டெய்லர் கம்பெனி காலத்தில் வெள்ளை அதிகாரிகளுக்கு மனமகிழ் மன்றம், தொழிலாளிக்குத் தகரக் கொட்டகை என்று வாழ்ந்த ஊர் அது. 1930-ல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த ஊரும் அதுவே. பொதுவுடைமை, திராவிட, அம்பேத்கரிய இயக்கங்கள் மூன்றும் வேர்விட்ட அந்த மண்ணில், மேலே இருப்பவனை நோக்கிக் கேள்வி கேட்பது புதிய பழக்கம் அல்ல.

அவர்கள் பிழைக்கப் போகும் பெங்களூரில்தான் அந்தக் கேள்விக்கு மேடை மறுக்கப்பட்டது. 2021 நவம்பர் 28-ம் தேதி முனாவர் ஃபரூக்கியின் நிகழ்ச்சிக்குக் காவல்துறை தடை விதித்தது. அவர் சர்ச்சைக்குரிய நபர், சட்டம் ஒழுங்கு கெடும் என்பது சொல்லப்பட்ட காரணம். இதே ஃபரூக்கி, அதே ஆண்டு ஜனவரி 1-ம் தேதி இந்தூரில் கைதாகி, உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் தரும்வரை ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தவர். அடுத்த சில நாள்களில் காம்ராவின் பெங்களூரு நிகழ்ச்சிகளும் ரத்தாயின. மிரட்டியவர்களைத் தடுக்க வேண்டிய காவல்துறை, மிரட்டப்பட்டவரைத் தடுத்தது. ஒரு கலைஞருக்கு இன்று செய்யப்படும் இது, நாளை தொழிற்சங்கக் கூட்டத்துக்கும் செய்யப்படலாம். இரண்டுக்கும் அனுமதி தருவது ஒரே காவல்நிலையம்தான்.

தமிழகத்தின் பழைய கணக்கு

தமிழகம் இதில் கை கழுவிவிட முடியாது. எம்.ஆர்.ராதாவின் நாடகங்களை மனத்தில் வைத்துக் கொண்டுவரப்பட்டதாகவே பேசப்படும் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1954-ல் பிறந்தது. எழுத்தாளர் ஞாநி தொடர்ந்த வழக்கில் அதன் பிரிவுகளை 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என அறிவிக்கும் வரை, ஏறத்தாழ 60 ஆண்டுகள், எந்தக் கட்சி ஆட்சியும் அதை விட்டுவிடவில்லை. 1987-ல் அட்டைப்பட நகைச்சுவை ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்குச் சட்டப்பேரவை 3 மாதக் கடுங்காவல் விதித்தது; எதிர்ப்பு வலுக்கவே சில நாள்களில் விடுவிக்கப்பட்டார். 2017-ல் கார்ட்டூனிஸ்ட் பாலா கைதானார். 2025 பிப்ரவரியில், பிரதமரைச் சங்கிலியுடன் காட்டிய கார்ட்டூனுக்காக விகடனின் இணையதளமே முடக்கப்பட்டது. ஆளும் கட்சிகள் மாறினாலும் சிரிப்பைக் கண்டு எழும் கோபம் மாறவில்லை.

இது இந்தியாவின் நோய் மட்டுமல்ல. 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் ஜிம்மி கிம்மலின் நிகழ்ச்சியை, ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையத் தலைவர் எச்சரித்த சூட்டோடு ஏபிசி நிறுவனம் நிறுத்தியது. மக்கள் கொதித்ததும் ஒரு வாரத்துக்குள் திரும்பக் கொண்டுவந்தது. அரசு கண்ணசைக்க, நிறுவனம் காரியத்தை முடிக்கும் இந்த முறைதான் இங்கும் வேர்விடுகிறது. காம்ராவின் காணொளிக்கு டி-சீரிஸ் நிறுவனம் பதிப்புரிமைத் தடை போட்டதும், புக்மைஷோ தனது பட்டியலிலிருந்து அவரை நீக்கியதும் நீதிமன்ற உத்தரவால் அல்ல.

எல்லை எது?

நகைச்சுவை என்ற பெயரில் எதையும் சொல்லலாமா என்ற கேள்வி நியாயமானது. மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்த சில கலைஞர்கள் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதில் குறை காண இடமில்லை. எளியவனைப் பார்த்துச் சிரிப்பது வேறு, வலியவனைப் பார்த்துச் சிரிப்பது வேறு. முன்னது ஏற்கெனவே நசுங்கியவனை மேலும் நசுக்குகிறது. பின்னது பதில் சொல்ல வேண்டியவனைப் பதில் சொல்ல வைக்கிறது. நமது காவல்நிலையங்கள் வேகம் காட்டுவது பெரும்பாலும் இரண்டாவது வகை மீதுதான்.

மேடைக் கலைஞர்களும் யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆங்கிலமும் இந்தியும் அறிந்த, நுழைவுச்சீட்டு வாங்க வசதியுள்ள பெருநகரப் பார்வையாளர்களைச் சுற்றியே இந்தக் கலை வளர்ந்திருக்கிறது. அரங்கை உடைக்க ஐம்பது பேர் திரண்டபோது, அதைக் காக்க ஐந்து பேர் திரளாததற்கு அதுவும் ஒரு காரணம். ஊரிகத்தின் தொழிலாளிக்கும் அந்தச் சிரிப்பில் பங்கு உண்டு என்றாகும்போது, அதைப் பாதுகாக்கும் பொறுப்பு நீதிமன்றங்களின் தலையில் மட்டும் விழாது.

முன்ஜாமீன் வாங்க வசதியுள்ள கலைஞர் தப்பிப்பார். வசதியில்லாதவர் பேசுமுன்பே வாயை மூடிக்கொள்வார். அதிகாரத்துக்கு வேண்டியது இந்த இரண்டாமவரின் மௌனம்தான். அவர்களுடைய எண்ணிக்கை எந்தக் காவல்நிலையப் பதிவேட்டிலும் ஏறப்போவதில்லை.