சூத்திரத்துக்கு முன்னால் ஒரு சதுரம்

என் அத்தை 1980-களில் பி.எட். முடித்து, மூணாறு பக்கம் எஸ்டேட் பிள்ளைகளுக்குத் தமிழில் கணக்கு எடுத்தவர். நான் இப்போது பி.எட். மாணவி. பாலக்காட்டின் கிழக்கெல்லையில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் பயிற்சி.

அவர் காலத்தில் பி.எட். ஓராண்டுதான். பாடக்குறிப்பு நோட்டில் டீச்சர் கேட்கும் கேள்வியும் பிள்ளை சொல்லவேண்டிய பதிலும் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். கரும்பலகையில் படிகள் வரிசையாக விழுந்து, வகுப்பும் சத்தமில்லாமல் இருந்தால் நல்ல பாடம். எஸ்.எஸ்.எல்.சி.யில் 600-க்கு 210 எடுத்தால் தேர்ச்சி. அந்த 210-ஐ எட்டவைக்க அத்தை மாலையில் தனியாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

2005-இல் தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கணிதம் பற்றிய அறிக்கையைத் தயாரித்த குழுவுக்குத் தலைவர், சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம். கணக்கு என்றாலே பிள்ளைகளுக்கு வரும் பயத்தை அந்த அறிக்கை நேராகப் பேசியது. பிள்ளையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே முதல் நோக்கம் என்றது. 2007-இல் கேரளமும் தன் கலைத்திட்டத்தைப் புதுக்கியது. 2015 முதல் பி.எட். இரண்டாண்டு, அதில் 20 வாரம் பள்ளியோடு.

இந்த மாற்றம் எனக்குப் புரிந்தது இருபடிச் சமன்பாட்டில். செவ்வகத்தின் நீளம் அகலத்தைவிட 2 மீட்டர் அதிகம், பரப்பு 224 சதுர மீட்டர், பக்கங்கள் என்ன? அத்தையின் வகுப்பில் சூத்திரம் முதலில் வரும், கணக்கு பிறகு. நான் எதுவும் சொல்லாமல் காத்திருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒருத்தி சொன்னாள்: "பதினஞ்சு பதினஞ்சு இருநூத்தி இருபத்தஞ்சு டீச்சர். ஒண்ணுதானே கொறையுது? அப்ப பதினாலும் பதினாறும்."

ஏன் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. காகிதச் செவ்வகத்தை எடுத்தோம். அகலத்துக்குச் சமமான சதுரம் போக, 2 மீட்டர் பட்டை மிஞ்சும். அதை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, சதுரத்தின் அடுத்தடுத்த இரு பக்கங்களில் ஒட்டினால் பெரிய சதுரம் ஆகிறது, ஒரு மூலை மட்டும் காலி. அந்த மூலை 1 சதுர மீட்டர். 224-உம் 1-உம் 225; பக்கம் 15. அவள் சொன்ன "ஒண்ணு" அங்கே இருந்தது. அடுத்து வித்தியாசம் 3, பரப்பு 180 என்று கொடுத்தேன். ஊகம் உடனே கைகொடுக்கவில்லை, வெட்டியது கொடுத்தது: மூலை 2.25, பெரிய சதுரத்தின் பக்கம் 13.5, விடை 12-உம் 15-உம். சூத்திரத்தை அதன்பிறகு அவர்களே எழுதினார்கள்.

வகுப்பில் புரொஜெக்டர் இருக்கிறது. 2018-இல் கேரளத்தில் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டம் 45,000 வகுப்பறைகளுக்கு வந்தது. ஜியோஜிப்ரா மென்பொருளில் இதே சதுரத்தை இழுத்துக் காட்டலாம், காட்டவும் செய்கிறேன். ஆனால் பாடப்புத்தகத்தைத் தாண்டினால் வீடியோ, வினாத்தொகுப்பு எல்லாம் மலையாளத்தில்தான் மிகுதி. தமிழில் வேண்டியதை நாங்களே தயாரிக்க வேண்டியிருக்கிறது. அத்தை கைப்பட எழுதிக்கொண்டார், நான் டைப் செய்கிறேன். இதில் காலம் போதிய அளவு மாறவில்லை என்பது என் வருத்தம்.

இன்னொரு கவலையும் உண்டு. 2024-25 முதல் கேரளத்தில் எட்டாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்தின் எழுத்துத் தேர்விலும் 30 சதவீத மதிப்பெண் கட்டாயம். எட்டாதவர்களுக்குத் தனி வகுப்பு. அடிப்படை தெரியாமல் பிள்ளைகளை மேலே தள்ளக்கூடாது என்பதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் அந்தத் தனி வகுப்பில் நாள் குறைவு என்ற காரணத்தால் சூத்திரத்தையும் மாதிரி வினாவையும் திரும்பத் திரும்ப எழுதவைத்தால், மிகவும் பயந்த பிள்ளைக்கே பழைய பாடம் கிடைக்கும். அத்தையிடம் இதைச் சொன்னேன். "நேரம் இருந்திருந்தா நானும் வெட்டித்தான் காட்டியிருப்பேன்டி" என்றார். தனி வகுப்புக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்குகிறார்கள் என்பதைத்தான் நான் வேலைக்குப் போகும் பள்ளியில் முதலில் கேட்பேன்.